பாதி கழன்ற போல்ட்டு

— சொன்னா சொன்னதுதான் மச்சான். நாளைக்கு சர்ச்சுல நான் திருவிருந்து எடுக்கல, அப்பமும் ரசமும் எனக்கு வேணாம்.

— எடுக்காத. காரணத்தச் சொல்லிட்டு எடுக்காத. உங்க அக்கா என்னத்தான பிடிச்சு உலுக்குவா?

— இன்னைக்கு மெஷின் மூடியக் கழட்டப் போனேன்.

— எந்த மூடி?

— மரம் அறுக்குற வாள் மேல, கை படாம இருக்கப் போட்டிருக்கிறதுதான். எட்டுக் கதவு சாயங்காலத்துக்குள்ள போகணும். மூடி இருந்தா பலகை மெதுவாத்தான் நகரும். ஸ்பேனர எடுத்துட்டேன்.

— ம்.

— என்ன 'ம்'? அன்னைக்கும் இதே அவசரத்துலதான கழட்டுனேன்? உங்க ரெண்டு விரலும் போச்சே! திட்டுங்க. கன்னத்துல ஒண்ணு போடுங்க.

— மூணு விரல வெச்சுப் போட்டா உனக்கு உறைக்காது மாப்ள.

— விளையாடாதீங்க மச்சான். ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சிட்டீங்க. ஆண்டவரும் மன்னிச்சிட்டாருன்னு அழுதேன். மூணு வருஷம் ஆச்சு, என் கை அதே அவசரக் கைதான். அப்ப அது என்ன மன்னிப்பு?

— இந்தா பாரு. மன்னிப்பு ஒரு நிமிஷத்துல முடிஞ்சது. அதுல ஒரு குறையும் இல்ல. கை மாறுறது வேற வேலை. அத ஆண்டவரு நிதானமாத்தான் செய்வாரு. சரி, கழட்டிட்டியா?

— போல்ட்டப் பாதி திருப்பிட்டேன். அப்புறம்... எப்படின்னே தெரியல, கை தானா மறுபடி முறுக்கிடுச்சு.

— யாராவது சத்தம் போட்டாங்களா?

— யாருமில்ல.

— பயந்துட்டியோ?

— பயம்கூட இல்ல மச்சான். எனக்கு அடுத்து மெஷின்ல நிக்கிறவரு, அவரு வீட்டுக்காரம்மா மாசமா இருக்காங்கன்னு நெனப்பு வந்துச்சு. அவ்வளவுதான்.

— அன்னைக்கு நான் நின்னேனே, அப்ப என் நெனப்பு வந்துச்சா?

— ...இல்ல. கதவு நெனப்புதான்.

— அப்ப இன்னைக்கு அந்த ஆளு நெனப்ப உனக்குள்ள கொண்டுவந்தது யாரு?

— மச்சான்... உடம்பெல்லாம் சிலிர்க்குது.

— எனக்குந்தான்.

— உங்களுக்கென்ன! நீங்க அன்னைக்கே பரிசுத்தவான்.

— யாரு, நானா? மன்னிச்சது நெஜம் மாப்ள. ஆனா மூணு வருஷமா சர்ச்சுல உனக்கு எதிர்மூலையிலதான் போய் முழங்கால் போடுறேன், கவனிச்சியா? பக்கத்துல இருந்தா உனக்கு மட்டும் பத்தும் இருக்கேன்னு உன் விரல எண்ணத் தோணும். இவ்வளவு நேரமா உன் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், எண்ணவே இல்ல. நாளைக்கு உன் பக்கத்துல எனக்கு இடம் விடு.