அருந்தவன் அண்ணை சுருதி சேர்க்காத ஞாயிறு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அருந்தவன் அண்ணையின் துணைவியார் மீனாம்பாள் அக்கா அவர்களே, இந்த வெயிலிலும் டூங்கபி ஊர் மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பாலகிருஷ்ணன். அண்ணையோடு ஒரே டிப்போவில் பதினேழு வருடம் பஸ் ஓட்டியவன். பேசத் தெரிந்தவன் என்று என்னை மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். பேசத்தான் தெரியும். அதனால் வந்த வினையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அழைப்பிதழில் அவருக்கு 'இசைச்செம்மல்' என்று பட்டம் போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்திருந்தால் அச்சடித்தவரோடு சண்டை பிடித்திருப்பார். ஐம்பத்திரண்டு வயது வரை ஒரு வாத்தியத்தையும் தொட்டறியாத மனிதர் அவர்!

ஒன்பது வருடங்களுக்கு முன் தெற்குக் கடற்கரைப் பக்கம் நடந்த ஒரு நாட்டுப்புற இசை விழாவுக்கு ஆட்களை ஏற்றிப் போனார். மாலை வரை வேலை இல்லை. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு கூடாரத்துக்குள் போனவரை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கதிரையில் இருத்தி, மடியில் ஒரு பெட்டியை வைத்தார். ஒரு முழுக்கை நீளம், ஒடுங்கிய இடுப்பு, நாலு கம்பி. அமெரிக்க மலைநாட்டுக்காரரின் டல்சிமர். ஒரு பக்கக் கம்பியில் சிறு தடியை வைத்து ஓட்டி, மற்றக் கையால் மீட்டினால் பாட்டு வரும். மற்றக் கம்பிகள் தம்புராபோல் பின்னால் ரீங்கரித்துக்கொண்டிருக்கும்.

அன்று பஸ் இருபது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. அவர் தொழிலில் அவர்மீது வந்த ஒரே முறைப்பாடு அதுதான். அடுத்த நாள் டிப்போவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாலா, பிழைவிட ஏலாத ஒரு வாத்தியம் கண்டனான். பிழையான சுரம் இருக்கிற இடத்தில அவங்கள் கம்பிக்குக் கீழை கட்டையே வைக்கேல்லை."

அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்தவர் தனக்கென்று ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டதோடு நின்றாரா? இல்லை! பெட்டி செய்யும் பலகைகளை வரவழைத்துத் தன் கராஜில் ஒட்டி, இன்னும் எட்டுப் பெட்டி செய்தார். மடிப்பெட்டி என்று பெயரும் வைத்தார். ஞாயிறு தோறும் இரண்டு மணிக்கு இதே மண்டபத்துக்கு வாருங்கள் என்று எங்களைப் பிடித்து இழுத்தார். முன்வரிசையில் இருக்கும் சிறிதரனைக் கேளுங்கள். தொழிற்சாலை இயந்திரத்தில் இடக்கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவர். கலியாண வீடுகளில் அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் இருந்து எடுக்க மாட்டார். அந்தக் கையில்தான் அண்ணை தடியைக் கொடுத்தார். தடியைப் பிடிக்க எத்தனை விரல் வேண்டும்? இரண்டு போதும். போன பொங்கல் விழாவில் நானூறு பேருக்கு முன்னால் சிறிதரன் வாசித்தார்.

இப்படி எட்டுப் பேரை வாசிக்க வைத்த மனிதர் ஒரே ஒரு பிழை விட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணிக்கே வந்து, ஒன்பது பெட்டிகளுக்கும் தானே சுருதி சேர்த்து வைத்துவிடுவார். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, தயாராய் இருப்பதை மடியில் வைத்து வாசித்துப் பாடிவிட்டுப் போவோம். ஆக்கிய சோற்றுக்கு வந்து குந்தும் ஆட்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் சுருதி சேர்க்கத் தெரியாது!

அக்கா எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தான் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைத்தான் அண்ணை முதன்முதல் மடிப்பெட்டியில் வாசித்துக் காட்டினாராம். அதை இன்று நாங்கள் வாசித்துப் பாட வேண்டும் என்றார். காலை ஒன்பது மணிக்கே வந்தோம். கைபேசியில் இதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்றார் எங்களோடு வாசிக்கும் தர்சினி. அது காட்டியபடி முறுக்கினோம். இரண்டு கம்பி அறுந்தது. மற்றவற்றில் ஆப்பின் முள் சரியான இடத்தில்தான் நின்றது. ஆனால் எங்கள் கிழட்டுத் தொண்டைகளுக்கு ஏற்றபடி அண்ணை சுருதியை எவ்வளவு இறக்கி வைத்தார் என்பது அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்? பாடிப் பார்த்தோம். ஒருவருக்கும் எட்டவில்லை. மேடையில் அந்தப் பெட்டிகள் சும்மா கிடப்பது அதனால்தான்.

உறவுகளே, இதுவரை சொன்னது எல்லோருடைய பிழை. இனிச் சொல்வது என்னுடையது.

மூன்று கிழமைக்கு முன் அண்ணையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவைக் கொண்டு மடிப்பெட்டியை எடுப்பித்து, கட்டிலில் பக்கத்தில் வைத்திருந்தார். "கிட்ட வாரும் பாலா. இந்த ஆணியை எப்பிடி முறுக்கிறதெண்டு காட்டுறன்," என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உதெல்லாம் இப்ப ஏன் அண்ணை? சுகமாகி வந்து நீங்களே செய்யுங்கோ."

நாங்கள் எல்லோரும் சொல்வதுதானே! அன்பால் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், பயத்தால் சொல்லியிருக்கிறேன். கற்றுக்கொண்டால் அவர் போகப் போகிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். அவர் பெட்டியை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சனீரோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இரங்கல் கூட்டங்களில் இந்த இடத்துக்கு வந்ததும், விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்போம். நானே எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! இன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

அக்கா, அண்ணை கேட்டதையும் நான் செய்யவில்லை. நீங்கள் கேட்டதையும் எங்களால் செய்ய முடியவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மணிக்கு வந்து நான் இந்தக் கதவைத் திறப்பேன். திறந்த பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.