மாப்பிள்ளை இடத்தில் ஒரு ஃபிரிட்ஜ்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. மும்பை தாராவியில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்த கதையைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், சிரித்துக்கொண்டே கேட்கலாம். மணப்பெண் அனிஷா தன் கல்யாணத்துக்குத் தானே ஒரு வலைப்பக்கம் செய்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் லிங்க் அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை ஸ்டெர்லினுக்கு பக்கத்து விக்ரோலியில் பழைய ஃபிரிட்ஜ் விற்கும் கடை. அன்று காலை, அவன் அம்மா ஏஞ்சலம்மாளிடமிருந்து போன். அந்தப் பக்கம் பேசியது நமக்குக் கேட்காது, அனிஷா பேசுவதை மட்டும் கேளுங்கள்.

“ஹலோ... சொல்லுங்க அத்தை... ஏன் அழுவுதீங்க?... கல்யாணப் பக்கமா? ஆமா, ஆமா, நான்தான் செஞ்சேன்... மாப்பிள்ளை போட்டோ இருந்த எடத்துலயா?... ஃபிரிட்ஜா!”

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். ‘மணமகன்’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஜம்மென்று நின்றது.

“இருக்கு அத்தை... ஆமா, படத்து மேலயே எழுதியும் இருக்கு. ‘செகண்ட் ஹேண்ட், நல்ல கண்டிஷன்’... ஐயோ, சிரிக்கல, இருமல்... எங்க பெரியப்பா கேலிக்குச் செஞ்ச வேலையா? சேச்சே! ஒங்க மவனுக்கு இது மொதக் கல்யாணம்னு எங்களுக்குத் தெரியாதா?... கல்யாணத்த நிறுத்திருவீங்களா? அத்தை, அத்தை, வச்சிராதீங்க! ஏக் மினிட், நான் சொல்லுததக் கேளுங்க...

“என் பக்கத்துல படமே கிடையாது... நெசமா. எழுத்துதான் இருக்கு. படம் வேணுங்கிற எடத்துல, ‘இன்ன அட்ரஸ்ல போய் எடுத்துக்க’ன்னு ஒரு குறிப்பு. கலரு, டிசைனு அது வேற ஃபைலு. நீங்க லிங்க்கத் தொட்டதும் ஒங்க போனு ஒவ்வொரு எடத்துக்கும் ஆள் அனுப்பி, எல்லாத்தையும் வாங்கியாந்து கோத்துக் காட்டுது... ஆமா, தொறக்கும்போதெல்லாம்... கால் வலிக்காது, போனுதான!

“நான் என்ன செஞ்சேன், ஒங்க மவன் கடைக்குன்னு ஒரு வலைப்பக்கம் இருக்குல்லா, அதுல அவிய போட்டோ இருந்துச்சு. அத எடுத்து இங்க வைக்காம, அட்ரஸ மட்டும் குடுத்துட்டேன்... சோம்பேறித்தனம்தான். இன்னைக்கு ஒங்க மவன் அந்தப் போட்டோ ஃபைலு பேர்லயே ஃபிரிட்ஜ் படத்தப் போட்டுட்டாவ. போன ஆளு அங்க இருந்ததத் தூக்கிட்டு வந்துட்டான்... நம்பலியா? அவிய ஒங்க பக்கத்துலதான இருக்காவ? அதே பேர்ல வேற எதையாவது போடச் சொல்லுங்க... போட்டாச்சா? இப்ப பக்கத்த மேலருந்து கீழ இழுத்து விடுங்க, புதுசா வரும்...”

வந்தது. ‘மணமகன்’ என்ற எழுத்துக்குக் கீழே, நீலப் பட்டுச் சேலையில் ஏஞ்சலம்மாள்.

“அத்தை, நீங்க!... இல்ல, நான் இங்க ஒண்ணுமே தொடல. அவிய அங்க மாத்துனாவ, இங்க மாறிட்டு... சிரிக்கீங்களா? சிரிங்க, சிரிங்க... ஒங்களையே கட்டிக்க எனக்குச் சம்மதம், சர்ச்சு ஃபாதர்தான் ஒத்துக்க மாட்டாரு... என்னது? அப்படியே இருக்கட்டுமா?”

அனிஷா பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்பா, அம்மா, பெரியப்பா, பேண்டு செட்டுக்காரர்கள்கூட இருந்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள் மட்டும் வேறெங்கும் இல்லை.

“ஆமா அத்தை... ஒங்க படத்த நான் எங்கயுமே போடல... ஃபிரிட்ஜுக்குத்தான் கோவம்னு நெனச்சிட்டேன்... தப்பு, தப்பு. ரெண்டு படத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க... ம், வந்துட்டு... மவனும் நீங்களும் பக்கத்துல பக்கத்துல. இப்ப அட்ரஸ் இல்ல அத்தை, படத்தையே நம்ம எடத்துல வச்சிட்டேன். கடையில எந்த ஃபிரிட்ஜ் வந்தாலும் போனாலும், ஒங்கள இங்கருந்து ஒருத்தரும் நகத்த முடியாது... மறுபடி அழுவுதீங்களா? வாரீங்கல்லா?... ஆங், அது போதும்... ஐயோ, அவிய கன்னத்துல அடிக்காதீங்க, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல போட்டோ எடுக்கணும்! ஹலோ... ஹலோ...”

லைன் அறுந்தது. கல்யாணம் நடந்தது. உங்கள் வீட்டு விசேஷங்களிலும் ஒரு முகம்கூட விடுபடாமல், பாலும் சிரிப்பும் பொங்கி, பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள், என் கண்ணுகளா.