பதினாலாவது முத்திரை

— மூச்சு வாங்குறது இருக்கட்டும் டியுர்மா. கடைசி முத்திரையப் போட்டாங்களா இல்லையா?

— போடலண்ணே.

— பா! பதினாலுல பதிமூணு வாங்கியாச்சு. மீன் அப்பளம் போடுறவனுக்கு எதுக்கு இத்தனை முத்திரை? நான் என்ன வெடிகுண்டா செய்யுறேன்?

— கேளு முதல்ல. இனிமே முத்திரையே வேண்டாமாம். ஜகார்த்தாவுலேருந்து உத்தரவு வந்துருச்சு. போன்ல பேரைத் தட்டினா அன்னிக்கே லைசென்ஸ்.

— எல்லாத்தையும் தூக்கிட்டாங்களா?

— அடியோட.

— பா! பா! உங்க அண்ணிகிட்ட சொல்லு, பெரிய கெண்டையா வாங்கிக் காரமா அர்சிக் குழம்பு வைக்கட்டும். இந்தப் பாத்தாம் தீவுல மனுசனப் பொழைக்க விடமாட்டாங்கன்னு பத்து வருசமா கத்துனேனே!

— கத்துன. ஆனா லைசென்ஸ் வராமலே சின்னதாப் போட்டுப் பொழச்சுட்டுத்தானே இருந்தோம்? இந்தத் தீவுல நம்மளத் தவிர மீன் அப்பளம் போடுறவன் யாரு?

— இந்த ஜிண்டாரோட கை ருசி அப்படி!

— கேளு முதல்ல. துறைமுகத்துப் பக்கம் சிங்கப்பூர் அப்பளக் கம்பெனி ஒண்ணு கட்டடம் கட்டி ஆறு வருசமா சும்மா கிடக்குதே, ஏன்? அவங்களுக்கும் இதே பதினாலு முத்திரை. அவங்க ஊர்ல காலையில கேட்டா சாயங்காலம் கைக்கு வந்துரும். இங்க ஏழாவதுலயே மலைச்சு உக்காந்துட்டாங்க. நம்மளக் குத்துன முள்ளுதாண்ணே நமக்கு வேலியாவும் இருந்துச்சு.

— வரட்டுமே! மெஷின் அப்பளத்த எவன் திம்பான்?

— பாதி விலைக்குக் கிடைச்சா எல்லாரும் திம்பாங்க. நாலு நாள் மழை பிடிச்சா நம்ம சரக்கு பூஞ்சை புடிக்குது. ஒரு உலர்த்துற மெஷினாவது வாங்குவோம்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்?

— பெர்மிட் முடியட்டும்னேன்.

— மூணு வருசமா அதையேதான் சொன்ன.

— சரி, தப்புதான். இப்ப வாங்கிருவோம். மெஷின நீ பாத்துக்க, மாவப் பிசையுறது என் பாடு. போர்டுல உன் பேரையும் சேத்து எழுதுறேன். அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா நின்னா எவன் வந்து நம்மள அசைக்க முடியும்? ஏய், என்ன, கண்ணு கலங்குது?

— இதப் போன மாசம் சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? திங்கக்கிழமையிலேருந்து நான் அந்தச் சிங்கப்பூர் கம்பெனியோட மேனேஜர்.