எதிர்வீட்டு இங்கெலாவுக்கு ஏற்றிய ரத்தம்

உங்கள் காபி மோசமில்லை. கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, ஆனால் அரசாங்க விசாரணை அலுவலகத்தில் இதற்கு மேல் யார் எதிர்பார்ப்பார்கள். எங்கள் ரத்த வங்கியில் காபி மட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். காபி வாயில் வைக்க விளங்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். உட்கார்ந்தால்தானே பேசுவார்.

பேசுவார்கள். யார் வீட்டில் யார் படுக்கையை வரவேற்பறைக்கு மாற்றிக்கொண்டார், யார் மகள் ஸ்டாக்ஹோமிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்திருக்கிறாள், எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். நான் கேட்டு வாங்குவதில்லை. ஏலக்காய் ரொட்டியை நகர்த்தி வைப்பேன், அவ்வளவுதான்.

எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. ரத்தம் எடுப்பது, சோதிப்பது, வார்டுக்குப் பொருத்தம் பார்த்து அனுப்புவது, எல்லாம் நாங்கள்தான். ஜூலையில் காகித ஆலை மூடி ஊரே கோடைவீடுகளுக்குக் கிளம்பிவிடும். ரத்தம் கொடுக்கவும் ஆள் வராது, எங்களிலும் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள். அந்த ஜூலையில் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

தூரேயைப் பற்றிக் கேட்டீர்கள். ஆலையில் வேலை பார்த்தவன். ஒரு தடவைகூடத் தவறாமல் வந்து ரத்தம் கொடுப்பான். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரியும்: ஒருவர் கொடுத்த ரத்தம் நோயாளிக்கு ஏறியதும், கொடுத்தவருக்குக் குறுஞ்செய்தி போகும். உங்கள் ரத்தம் பயன்பட்டது, நன்றி என்று. யாருக்கு ஏறியது என்று இருக்காது. தூரே அதை ஆலைக் கேன்டீனில் எழுந்து நின்று படிப்பானாம். மற்றவர்கள் கரண்டியால் மேசையைத் தட்டுவார்களாம்.

ஜூன் கடைசியில் வந்து கொடுத்தான். அடுத்த வாரம் படகுத்துறையில் விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. அவன் மனைவி மாய்பிரிட் எனக்குப் போன் செய்தாள். ரத்தம் கொடுத்தபின் நோயில் விழுந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பாவம், அந்த நிலையிலும் அதை மறக்கவில்லை. அவன் ரத்தப் பையை யாருக்கும் ஏற்றாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள் என்றாள். சரி என்றேன். வார்டிலேயே மறுபடியும் கசிந்து, தூரே போய்ச் சேர்ந்தான்.

ஊருக்கு இது முதல் கசிவு. எனக்கு அப்படி இல்லை. அவன் அப்பாவும் அப்படித்தான் போனார், அண்ணனும் அப்படித்தான். வீட்டார் மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். அண்ணனைக் குளிப்பாட்டிய நர்ஸ் என்னிடம் காபி குடித்தவள்.

இங்கே டாக்டர் ஃப்ரெட்ரிகாவைச் சொல்ல வேண்டும், எங்கள் தலைவர். ஆராய்ச்சிக்காரி. ரத்தம் கொடுத்தவர்களுடைய பிற்காலத்து நோய்களையும், அதைப் பெற்றவர்களுடைய நோய்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிற வேலை. மூளையில் திரும்பத் திரும்பக் கசிவு வருகிறவரின் ரத்தத்தோடு ஏதோ ஒன்று அடுத்தவருக்கும் போகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், நிரூபணம் இல்லை, போனாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு, அதுவும் எத்தனையோ வருடம் கழித்து என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவார். ஒருநாள் காபி நேரத்தில் அலுத்துப்போய்ச் சொன்னார். "கம்ப்யூட்டர்ல பேரும் நம்பரும்தான் இருக்கு. ஏத்திக்கிட்ட ஆளைப் பக்கத்துலயே இருந்து யாராவது பார்த்துச் சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இங்கெலா என் எதிர்வீட்டுக்காரி. ஒரே மாடி, கதவுக்குக் கதவு. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றால் நம்புவீர்களா? ஊரில் யாருக்கும் தெரியாது. ரத்தம் கொடுக்க வரமாட்டாள். குடியிருப்பின் பொதுத் துணிதுவைக்கும் அறையில் யாரும் பதிவு செய்யாத நேரத்தை எடுப்பாள். படியில் பார்த்தால் தலையாட்டுவாள், முடிந்தது. அவள் குடிவந்த புதிதில் ஒரு தட்டு ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் தட்டு கழுவித் துடைத்து, ஒரு பையில் போட்டு, என் கதவுப் பிடியில் தொங்கியது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நான் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. சில பேர் அப்படி. அந்தத் தட்டை அப்புறம் நான் பயன்படுத்தவில்லை, அது வேறு விஷயம்.

அந்த ஜூலையில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தாள். ரத்தம் நிறையப் போய்விட்டது, இரண்டு பை வேண்டும் என்று வார்டிலிருந்து கேட்டார்கள். சோதனைக்குழாயில் அவள் பெயர். ஓ பாசிட்டிவ். இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி அதுதான். தூரேயும் ஓ பாசிட்டிவ்.

அவன் பை இன்னும் குளிர்பெட்டியில்தான் இருந்தது. தனியே எடுத்து வைக்க நேரம் கிடைக்கவில்லை என்று உங்கள் சக ஊழியரிடம் சொன்னேன். ஜூலையில் ரத்தம் எவ்வளவு குறைவு என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. ஒருத்திக்கு ரத்தம் தேவைப்பட்டது, கொடுத்தேன், பிழைத்துக்கொண்டாள். இதில் யாருக்கு நஷ்டம்?

அதன் பிறகு அவளைக் கவனித்தேன். டாக்டர் கேட்டது அதைத்தானே. படியில் கைப்பிடியை எந்தக் கையால் பிடிக்கிறாள், பேச்சு இழுக்கிறதா, வாய் ஒருபக்கம் போகிறதா. பேச்சைக் கவனிக்க முதலில் அவள் பேச வேண்டுமே. ஒருநாள் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"தலைவலி ஏதாவது வருதா, இங்கெலா?"

நின்றுவிட்டாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். ரத்தம் ஏத்திக்கிட்டவங்களை நாங்க கேக்கறது உண்டு."

"போன வாரம் ஒருநாள் வந்துச்சு. இந்தப் பக்கம்." நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "அது எதனால?"

"ஒண்ணும் இருக்காது. வந்தா என்கிட்ட சொல்லுங்க."

மறுவாரம் அவளாக வந்து என் கதவைத் தட்டினாள். உட்கார்ந்தாள். சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பாள் என்று தெரிந்தது. வடக்கே கீருணாவில் பிறந்தவள், கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறான், பேச்சுவார்த்தை இல்லை. கண் ஓரத்தில் ஏதோ மின்னுகிற மாதிரி இருக்கிறது என்றாள். ராத்திரி பயமாக இருக்கிறது என்றாள். பயப்படாதே, நான் எதிரிலேயே இருக்கிறேன் என்றேன். எனக்கு அந்த ஆகஸ்ட் ரொம்ப நன்றாகப் போயிற்று.

நான் விட்ட பிழை ஒன்றுதான். வருடக்கணக்காக அந்தக் குறுஞ்செய்தி போவதைப் பார்க்கிறேன், தூரே அதைப் படிப்பதைப் பற்றிச் சிரித்திருக்கிறேன். ஆனால் இறந்தவன் போனுக்கும் அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பிய வாரம், மாய்பிரிட் கறுப்புக் கோட்டோடு வந்தாள். கையில் பச்சைநிறப் பாதாம் இனிப்பு மூடிய பெரிய கேக். நேராக டாக்டரிடம் போனாள்.

"பாருங்க டாக்டர், இவரை அடக்கம் பண்ணின மறுநாள் வந்துச்சு." தூரேயின் போனை நீட்டினாள். "போனதுக்கு அப்புறமும் யாருக்கோ உதவியிருக்காரு மனுஷன். எங்க வீட்ல உதவின்னா ஒரு தட்டைக்கூடக் கழுவ மாட்டாரு."

டாக்டர் படித்தார். தேதியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"நான்தான் குன்னெலுக்குப் போன் பண்ணி, இவரு பையைத் தனியா வெச்சுடுங்கன்னு சொன்னேன்" என்றாள் மாய்பிரிட். "அப்புறம் நீங்க சோதிச்சுப் பார்த்து, பரவாயில்ல, நல்ல ரத்தம்தான்னு முடிவு பண்ணியிருக்கீங்க. அது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "குன்னெல், போன் வந்துச்சா?"

"கேக்கை வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

நான் வெட்டினேன். மாய்பிரிட் மட்டும்தான் சாப்பிட்டாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். இங்கெலாவிடம் எல்லாம் சொல்லிவிட்டீர்கள், தலையை ஸ்கேன் எடுக்க வைத்தீர்கள், ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒன்றுமில்லை என்றுதான் அதற்குப் பொருள். நாளைக்கு என்ன என்று டாக்டர் ஃப்ரெட்ரிகாவாலும் சொல்ல முடியாது. இனி ஒவ்வொரு தலைவலிக்கும் அவள் உட்கார்ந்து யோசிப்பாள். வாழ்நாள் முழுக்க. அதற்காக நான் வருந்துகிறேன். ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்தேனா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நியாயமில்லை. கெடுதல் நினைப்பவள் காபி போட்டுக் கொடுப்பாளா?

குளிர்பெட்டிக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். சரி, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஓ பாசிட்டிவ் குறைவாக இல்லை. குளிர்பெட்டியின் அந்த அடுக்கில் வேறு பைகள் முன்னால் இருந்தன, நல்ல பைகள். முதல் பையை அவற்றிலிருந்துதான் எடுத்தேன். இரண்டாவதற்கு மற்றவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, கையைப் பின்னால் விட்டு, தூரேயின் பையை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன். அவளுக்குள் இருக்கிற ஒரு விஷயம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், அது பிடித்திருந்தது.

இப்போது அவள் கதவைத் திறப்பதில்லை, நான் தட்டினால் உள்ளே விளக்கை அணைத்துவிடுகிறாள். பயந்துபோயிருக்கிறாள், பாவம். உங்களுக்குத்தான் வாரா வாரம் போன் செய்து, எப்படி ஆரம்பிக்கும், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறாளாம். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. என்னிடம் வரச் சொல்லுங்கள். தூரேயின் அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது, அண்ணனுக்கு எப்படி ஆரம்பித்தது என்று இந்த ஊரில் என்னை விட்டால் அவளுக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்போகிறார்கள்.