அது பிரதாபனின் குரல்தான்

எங்கள் ஊரில் யாரும் தங்கள் பாஸ்வேர்டை நினைவில் வைத்திருப்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் காணாமல் போன மாட்டின் குறிகூட நினைவிருக்கும். பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். புதுக்குடியிருப்பில் பதினொரு வருடம் கொமினிகேஷன் கடை நடத்தினேன். போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டு விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, வயதானவர்களுக்கு ஈமெயில். எல்லோருடைய பாஸ்வேர்டும் என் நீலமட்டைக் கொப்பியில் இருந்தது, ஆளுக்கொரு பக்கம். எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அதனால் கொப்பியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவருடைய கணக்கையும் நான் களவாகத் திறந்து பார்த்ததில்லை.

வெளிநாட்டுக் கம்பனிகளைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் சனம் முதலில் என் கடைக்குத்தான் ஓடி வரும். ஒருமுறை இளையதம்பி அண்ணை சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு வந்தார். "பிள்ளை, உவங்கள் எங்கடை போனிலை இருக்கிற படமெல்லாம் எடுத்துப்போட்டாங்களாமே" என்றார். அவருடைய போனில் இருந்தவை இரண்டு ஆடுகளின் படமும் ஒரு மருந்துத் துண்டின் படமும்தான். "உங்கடை ஆட்டைக் கொண்டுபோய் அவங்கள் என்ன செய்யிறது அண்ணை, பயப்பிடாமல் போங்கோ" என்று அனுப்பிவைத்தேன். என் சொல்லை எல்லோரும் நம்பினார்கள். நான் பொய் சொன்னதில்லை.

ஜெயரூபி ரீச்சரும் அப்படி நம்பி வந்தவர்தான். விஞ்ஞானம் படிப்பித்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் பிரதாபன் பிரான்சுக்கென்று பெலாரஸ் வழியாகப் போனவன். குளிர்காலத்தில் ஏதோ ஒரு காட்டோரத்தில் நின்று கடைசியாகக் குரல் பதிவு அனுப்பினான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ரீச்சர் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அவன்ரை குரல் இதுக்குள்ளைதான் கிடக்கு. இது அழிஞ்சால் எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார். அறுபத்துமூன்று பதிவுகள். ஈமெயில் கணக்கு ஒன்று திறந்து அத்தனையையும் பத்திரமாக அதில் ஏற்றிக் கொடுத்தேன். பாஸ்வேர்டையும் நானே போட்டு, கொப்பியில் அவருடைய பக்கத்தில் எழுதினேன்.

போன வருடம், உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் வெளியே போய்விட்டன என்று ஒரு செய்தி வந்தது. அன்று பின்னேரம் ரீச்சர் முகநூலில் எழுதினார்: "நமது ஊரிலும் ஒரு பெண் எல்லோருடைய கடவுச்சொற்களையும் கொப்பியில் வைத்திருக்கிறார். உங்கள் பெண் பிள்ளைகளின் படங்கள் எங்கே போகின்றன என்று யோசித்தீர்களா?" பெயர் போடவில்லை. ஊரில் அப்படிக் கொப்பி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்று நாட்கள் சனம் வரிசையில் நின்று தங்கள் தங்கள் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இளையதம்பி அண்ணையும் கிழித்தார், என் முகத்தைப் பார்க்காமல். அப்போது என் மகன் டிலக்ஸன் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ரியூசன் வாசலில் பெடியன்கள் அவனை மறித்து, எங்களுடைய தங்கச்சிமாரின் படம் உன் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு அடித்தார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. அடுத்த கிழமை பையைத் தூக்கினான். "உங்களாலைதான் அம்மா" என்றான். கொழும்புக்குப் போனதாகச் சொன்னார்கள். நம்பரை மாற்றிவிட்டான். பிறகு எனக்கு அழைப்பு எடுக்கவேயில்லை.

ரீச்சரைச் சந்தையில் கண்டு கேட்டேன். "நான் உம்மடை பேரை எழுதேல்லையே. பொதுவாத்தானே சொன்னனான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கினார். அந்தக் கத்தரிக்காய்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம், ஐயா. இன்றைக்கும் குறையவில்லை.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர் தன்னுடைய பக்கத்தைக் கிழிக்க மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார். கொப்பியில் மிஞ்சியது அந்த ஒரு பக்கம்தான்.

பிறகுதான், ஒருவருடைய குரல் கொஞ்சம் இருந்தால் போதும், அதே குரலில் எதையும் பேசவைக்கலாம் என்ற செய்தி வந்தது. என்னிடம் அறுபத்துமூன்று பதிவுகள் இருந்தன. எப்படிச் செய்தேன் என்பதை உங்கள் ஆட்கள் கணினியில் பார்த்துவிட்டார்கள். முதல் செய்தியை ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து அனுப்பினேன். "அம்மா, நான்தான். உயிரோடை இருக்கிறன். ஒளிச்சிருக்கிறன், ஆருக்கும் சொல்லாதேங்கோ. திருப்பிக் கோல் எடுக்காதேங்கோ."

அடுத்த நாள் கடை திறக்கும்போதே ரீச்சர் வாசலில் நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "இப்ப குரலையும் செய்யிறாங்களாம், பேப்பரிலை கிடந்தது. எனக்குப் பயமாக் கிடக்கு. இதை அறிஞ்ச ஆள் நீர்தான். ஒருக்கால் கேட்டுச் சொல்லும்."

காதில் மாட்டி மூன்று தரம் கேட்டேன். இல்லை என்று சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

"ஓம் ரீச்சர். இது பிரதாபன்ரை குரல்தான்" என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் அப்ப எழுதினதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை" என்றார். நான் எதிர்பார்த்திருந்த சொல் அதுதான். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகு இரண்டாவது செய்தியைச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், புளியங்குளம் சந்தியில் நில்லுங்கோ என்று அதில் பிரதாபன் சொன்னான். ரீச்சர் விடியவே புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போய், கடைசி பஸ் வரும்வரை நின்றார். அவன் வரவில்லை. அடுத்த வெள்ளி கட்டாயம் வருகிறேன் என்றான். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னான். காரணங்களை நான் யோசித்தே எழுதினேன். ரீச்சர் முகநூலில் எழுதுவதை விட்டுவிட்டார். ஒரு நாள் வெயிலில் மயங்கி விழுந்தார். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

பதினேழாவது வெள்ளிக்கிழமை, எதிர்ப்பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து உயரமான பெடியன் ஒருவன் இறங்கியிருக்கிறான். ரீச்சர் சாப்பாட்டுப் பார்சலோடு வீதிக்குக் குறுக்கே ஓடியிருக்கிறார். லொறிக்காரனில் பிழை இல்லை, அவனை விட்டுவிடுங்கள். ரீச்சரைக் கொன்றது நான்தான். பிள்ளையைக் கண்ட சந்தோஷத்தில்தான் போயிருப்பார். அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் கொடுத்தேன்.

அவருடைய தம்பி சிவராசா போனைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது சரிதான். அதில் இருக்கும் முப்பத்துநான்கு செய்திகளையும் நான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது. என் கணினியில் டிலக்ஸன் என்ற பெயரில் இன்னொரு கோப்புறை இருந்ததாகவும், அதில் உள்ளவையும் அதே முறையில் செய்யப்பட்டவை என்றும் உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அந்த வரியை வெட்டிவிடுங்கள், ஐயா. அவை என் மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்டு எனக்கு அனுப்பியவை.