நடுங்காத கை

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது மேடம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தினமும் பார்த்துப் பழகிவிட்டால் சுவர் விரிசல்கூடக் கண்ணில் படாது. உள்ளே, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் திரை மொத்தமாக இருண்டுவிடும். அப்போது யாராவது வந்து பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நானும் என் தங்கையும் நடத்தியது அந்தக் கார்டுகளைப் பழுதுபார்க்கும் கடை. முன்னால் கவுன்ட்டரில் நான். மரத்தடுப்புக்குப் பின்னால், மைக்ராஸ்கோப் முன்னால், அவள். கார்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தூசியைப் பார்ப்பேன். சிகரெட் பிசுக்கு, நாய் முடி, பிஸ்கட் தூள். ஆளைப் பற்றி அதுவே சொல்லிவிடும். கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பொய்தான். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா நின்னுபோச்சு." அதுவாக எதுவும் நிற்பதில்லை. ஸ்க்ரூடிரைவர் வழுக்கியிருக்கும். சர்க்கரைத் துணுக்கைவிடச் சின்னதாகக் கார்டின் மேல் ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று தெறித்துப் போயிருக்கும். போனதே தெரியாமல் முகத்துக்கு நேராகச் சத்தியம் செய்வார்கள்.

அந்தத் துணுக்கைத் திரும்ப வைப்பது தங்கையின் வேலை. செத்துப்போன வேறொரு கார்டிலிருந்து அதே மாதிரியானதைச் சூடுகாட்டி எடுத்து, இடுக்கி நுனியில் பிடித்து, உருகிய ஈயத்தின் மேல் உட்காரவைக்க வேண்டும். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். அவளுக்கு அது பாத்திரம் துலக்குகிற மாதிரி. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். நானும் முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கு இழுப்பு உண்டு, ஆஸ்துமா. அதற்குச் சாப்பிடும் மாத்திரையில் கை லேசாக நடுங்கும். "பயப்படாதீங்க, இந்த மருந்து அப்படித்தான்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் நான் கவுன்ட்டர்.

அம்மா போனபோது அவளுக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாது. குளிப்பாட்டி, தலைவாரி, படிக்கவைத்து, இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டது நான். நன்றியை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. நீங்கள் முழுதாக எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தங்கச்சி இருக்காங்களா?" என்பார்கள். நான் என்ன, வாசலில் கட்டித் தொங்கவிட்ட மணியா? ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். முட்டாள்களிடம் கோபித்துக்கொள்வது கையில் இருக்கும் மூச்சுக்கு நஷ்டம்.

பிறகு தாடி வந்தான். புகார் கொடுத்தவன்தான். பெயர் உங்களிடம் இருக்கும். நான் தாடி என்றுதான் சொல்வேன், அந்த முகத்தில் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்கிறவன். வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றான். பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"இவ்ளோ சின்னதா? கை நடுங்காதா உங்களுக்கு?"

"நடுங்கினா சோறு ஏது?" என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் அவனுடைய கார்டு, அவன் நண்பர்களுடைய கார்டு என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்துகொண்டே இருந்தான். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அக்கா, அவர் ஊர்ல ஒரு ரூம் சும்மா கெடக்குதாம். எனக்குன்னு வேலை செய்ய பெஞ்ச் போட்டுத் தரேங்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம்."

"ஓ, கல்யாணமா?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயும் வந்துடேன்."

நீயும் வந்துடேன். போகிற வண்டியில் பழைய பாயைச் சுருட்டிப் போட்டுக்கொள்கிற மாதிரி. அவளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அவளிடம் கை இருந்தது மேடம், புத்தி இல்லை. வெளுத்ததெல்லாம் பால் அவளுக்கு. நோகாமல் நுங்கு தின்ன வந்தவன் எவன், நம்மவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இப்படிப்பட்டவளை வெளியே விடுவது பொறுப்பான காரியமா?

சரிசெய்த கார்டை உறையில் போட்டு ஒட்டுவது என் வேலை. கார்டின் அடியில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அதற்கு மேலே சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் அணிவகுத்து நிற்கும். அதில் சரியான ஒன்று இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கார்டையே அடையாளம் காணாது. உறையில் போடுவதற்கு முன் அந்த ஒன்றை ஈயம் உருக்கும் சூட்டுக்கோலால் தொட்டு எடுத்துவிடுவேன். வைப்பதற்குத்தான் கை உறுதியாக இருக்க வேண்டும். எடுப்பதற்கு நடுங்கினாலும் பரவாயில்லை.

எல்லாக் கார்டிலும் செய்யவில்லை. அது பேராசை. எப்போதாவது ஒன்று. திரும்பி வரும். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, காலியான இடத்தை நம்பாமல் மறுபடி மறுபடி பார்ப்பாள்.

"நான் வச்சது நல்லா ஞாபகம் இருக்குக்கா."

"ஞாபகம் இருக்கும்டி. ஒட்டலையே."

நான் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அவளே செய்துகொண்டாள். வேலை நேரத்தில் பாட்டு நின்றது. டீயை விட்டாள். செத்த கார்டுகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பழகினாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். விரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார். தாள் அசையவில்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். வெளியே வந்து அழுதாள். ஒன்றுமில்லை என்றதற்கு அழுகிறவளை நான் என்ன செய்வது? கண்ணைத் துடைத்துவிட்டேன்.

தாடியிடம் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் வேலை முடித்ததும் ஒவ்வொரு கார்டையும் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அதைத் தன் கைக்கும் நண்பர்கள் கைக்கும் வந்த கார்டுகளோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். வேலைவெட்டி இல்லாதவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

"அக்கா, அவர் என்ன கேட்டார் தெரியுமா? நீ அனுப்பின போட்டோல இருக்கு, எங்க கைக்கு வந்தப்போ இல்ல, நடுவுல யார் கை பட்டுச்சுன்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"அக்காதான் பேக் பண்ணுவாங்க, அவங்கள சந்தேகப்படறதுக்கு நான் செத்துடலாம்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இதை நான் மறைக்கலாம். மறைக்கவில்லை பாருங்கள்.

இனிக் கார்டைத் தொட முடியாது என்று ஆகிவிட்டது. நான் எடுத்ததைத்தான் போட்டோ காட்டும், கை நடுங்குவதைக் காட்டாது. என் இழுப்பு மாத்திரையை வேறு புட்டியில் மாற்றி, "நரம்புக்கு நல்லதாம், விடாம சாப்பிடு" என்று கொடுத்தேன். நான் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்க மாட்டாள். சீக்கிரமே கை ஆடத் தொடங்கியது. இடுக்கியிலிருந்து துணுக்குகள் விழுந்தன. இந்தத் தடவை டாக்டர் வைத்த தாளும் ஆடியது.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது மேடம், நம்பினால் நம்புங்கள். தனக்கு நிஜமாகவே ஏதோ இருக்கிறது, தான் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி. அதையும் நான்தான் கொடுத்தேன்.

நெஞ்சு படபடக்கிறது என்பாள். படுக்கச் சொல்வேன். புட்டியில் நான் எழுதியிருந்ததைவிட அதிகமாக அவளே எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் குணமாக வேண்டுமாம். அதை என் கணக்கில் எழுதாதீர்கள். பெஞ்சில் மயங்கி விழுந்தபோது சூட்டுக்கோல் அவள் உள்ளங்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் கவுன்ட்டரில் இருந்தேன். வாடை வந்த பிறகுதான் எழுந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் புட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இழுப்பு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கில்ல சார், எங்க அக்காவுக்குத்தான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். எனக்காக அவரிடம் மருந்து ஆலோசனையும் கேட்டாளாம். மாத்திரையை அடையாளம் காண அவ்வளவு படிப்பு எதற்கு, மருந்துக்கடைப் பையன் போதும். ஆனாலும் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி உங்களுக்குப் போன் செய்துவிட்டார். தாடியும் போட்டோக்களை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். கெப்பாசிட்டர்களை எடுத்தது நான். மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் நான். நெஞ்சு படபடக்கிறது என்ற பிறகும் கொடுத்தேன். அவள் விழாமல் இருந்திருந்தால் இன்று காலையும் கொடுத்திருப்பேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், நடுக்கம் அறவே நின்றுவிட்டது, மெதுவாக வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சற்று முன் சொன்னீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னீர்கள். கோபம் இருக்கும், சின்னப் பெண். ஓயாமல் உழைத்த கை அது, ஓய்வு கிடைத்ததும் தேறிவிட்டது. அந்த ஓய்வைக் கொடுத்தது யார் என்று மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.