சந்தனம் பூசிய பரல்

"குனியுங்கோ! தலையைத் தாழ்த்துங்கோ!"

அத்தான், அக்காவின் புருசன், கத்துகிறார். வெருகல் ஆறு. ஆவணி மாதம். வெயில் ஏறிவிட்டது. வடக்கே, துறைமுகப் பக்கம், டும். பிறகு ஒன்றுமில்லை. ஒரு மூச்சு எடுக்கலாம். பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம். ஷெல் விழுந்து கரை இடிகிறது. வாய்க்குள் சேறு.

இலங்கைத்துறையிலிருந்து தெற்கே ஓடுகிறோம். கழுத்தளவு தண்ணீர். அக்கா மலர் எனக்கு முன்னால். நடுவே ஒரு நீலப் பரல், மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய், மிதக்கிறது. அதன் மேல் அக்காவின் மகள் சுதா. நான்கு வயது. குப்புறப் படுக்க வைத்துச் சேலையால் கட்டியிருக்கிறோம். கன்னம் பரலில் ஒட்டியிருக்கிறது. வாந்தி எடுக்கிறாள். பயத்தில் என்று நினைத்தோம்.

பயமில்லை. மணம். வயல் காவல் கொட்டிலுக்குள் அத்தான் கண்டெடுத்த பரல் அது. பூச்சிமருந்துப் பரல். மூடியைத் திறந்தால் கண் எரியும்.

சுதா கரை சேர்ந்தாள். பக்கத்தில் வந்த குடும்பத்தின் பிள்ளை சேரவில்லை. அந்தத் தாய் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களுக்குப் பரல் இருந்தது. அவர்களுக்கு இருக்கவில்லை. அதனால்தான் அதை எறிய மனம் வரவில்லை.

போய்ச் சேர்ந்த அகதி முகாமில் தண்ணீர் வைக்கப் பாத்திரம் இல்லை. புதுச் சட்டியைப் பழக்குவது போல அக்கா பரலைப் பழக்கினாள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டாள். மணம் குறைந்தது. நஞ்சும் போய்விட்டது என்று எல்லாரும் நம்பினோம். மண்சட்டி பழகும். பிளாஸ்டிக் பழகாது. அதன் சுவருக்குள் ஊறினது வெயில் படப்படத் தண்ணீருக்குள் இறங்கும். இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

சண்டை முடிந்தது. ஊர் திரும்பினோம். பரலும் திரும்பியது. குசினி வாசலில் வைத்தோம். அதில்தான் குடித்தோம். அந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தோம். சரஸ்வதி பூசைக்கு அத்தான் அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார். பக்கத்து வீட்டுப் பூமணியக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பா.

"மலர், உங்கட வீட்டுத் தண்ணி குடிச்சா நுளம்பும் கடிக்கக் கிட்ட வராது போல!"

"ஓம் அக்கா. அதுதான் நாங்கள் நுளம்பு வலை கட்டுறேல்ல."

அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்தனான்.

சண்டை ஓய்ந்தும் அக்காவின் உடம்பில் அது ஓயவில்லை. கதவு அடித்தால் தரையில் படுப்பாள். இரவில் தூக்கமில்லை. பிரஷர் ஏறியது. தலையிடிக் குளிசையை இனிப்புப் போல விழுங்கினாள். பிறகு கால் வீங்கியது. முகம் ஊதியது. தோலைச் சொறிந்து சொறிந்து புண். வாயில் செம்புக் காசை வைத்தது போல் இருக்கிறது என்றாள். அவள் மூச்சில் மூத்திர வாடை வந்தது. என் அக்காவின் மூச்சுக்கு நான் முகத்தைத் திருப்பினேன். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. கிண்ணியாப் பாலம் தாண்டிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரித்தோம். எதனால் வந்தது என்று கேட்டேன். பரலாக இருக்கலாம், குளிசையாக இருக்கலாம், பிரஷராகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல ஏலாதாம். எனக்குச் சொல்ல ஏலும். எல்லாம் அந்த ஆற்றில் தொடங்கியது.

அக்கா மாசி மாதம் செத்தாள்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் சுதாவையும் சோதிக்கச் சொன்னார் டொக்டர். அவள் சிறுநீரில் புரதம் போகிறது. இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம். இனி அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. சுதா வளர்ந்து கலியாணம் கட்டி, இப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் பரலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பிள்ளையைக் காப்பாத்தின சாமான்" என்றார். பின்னேரம் தானே உருட்டிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உருளுகிற சத்தம். கடகட. வெளியே பார்க்கிறேன். பூமணியக்கா. பரலைத் தன் வளவுக்குள் தள்ளுகிறா.

"வீணா எறியிறீங்கள். நல்ல பரல். ரெண்டு நாள் கஞ்சித் தண்ணி ஊத்தி வைச்சாச் சரி."

நான் நாலு பேருக்கு முன்னால் கதைக்காதவள். கடைக்குப் போனாலும் மெதுவாகத்தான் கேட்பேன். அன்றைக்குக் கத்தினேன். ஆற்றில் அத்தான் கத்தியது போல.

"விடுங்கோ! அதில தண்ணி வைக்காதீங்கோ! நஞ்சு! கையை எடுங்கோ!"

வீட்டுக்குள் ஓடிக் கோடாலி எடுத்துவந்து பரலைக் கொத்தினேன். பிளந்தது. பழைய மணம் வந்தது. இத்தனை வருசம் கழித்து, அதே மணம். பூமணியக்கா ஓங்காளித்துக்கொண்டு வேலியைப் பிடித்தா. இந்த முறை சிரிக்கவில்லை.

இழந்தவற்றை எழுதி வைக்கிறேன். ஆற்றில் ஒரு பிள்ளை. பெயர் தெரியாது. துறையில் விட்டுவந்த அத்தானின் வள்ளம். எங்கள் மீன்வலைகள். அக்காவின் தூக்கம். அவளின் இரண்டு கிட்னி. பிறகு அக்கா.

சுதாவை இன்னும் இதில் எழுதவில்லை. அவளின் தண்ணீரை இப்போது மண்பானையில் வைக்கிறேன்.